ஐந்து மணிக்கு மேல் வருந்துவோர் கவனத்திற்கு

கல்லூரி ஆபீஸ் மாலை ஐந்து மணிக்கு மூடும். இது உலகறிந்த சங்கதி. ஆனால் அதே ஐந்து மணிக்கு மாணவர்களின் மனசு மூடிவிடுவதில்லை என்பதைப் பல்கலைக்கழகம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம்தான் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு, கல்லூரிதோறும் ஒரு மனத்துயர் நிவாரண மையம் திறக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கையும் அனுப்பியது. ‘அலுவலக நேரத்திற்குப் பின் மாணாக்கர்க்கு ஏற்படும் மனத்துயரை முறைப்படுத்துதல் தொடர்பாக’ என்று அதற்குத் தலைப்பு.

சுற்றறிக்கை திருத்தணிக்கும் வந்து சேர்ந்தது. மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அங்கே பிரின்சிபால் ராஜகோபால். முன்பெல்லாம் யாராவது குறை சொல்லிக்கொண்டு போனால் ‘வெளியே போ’ என்று சொல்லக்கூடிய நேர்மையான மனிதர்தான். அந்தக் கோடையில் பெங்களூரில் மூன்று நாள் கருத்தரங்குக்குப் போய் வந்தார். வந்தபோது கன்னத்தில் கிருதா இறங்கியிருந்தது, வாயில் ‘கவுன்சிலிங்’ ஏறியிருந்தது.

ஊழியர்கள் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு அவர் பாடம் நடத்தினார். எதிராளி துயரத்தைச் சொல்லும்போது தலையை இடப்பக்கம் இரண்டங்குலம் சாய்க்க வேண்டும். மெதுவாக மூன்று தடவை ஆட்ட வேண்டும். பிறகு ‘கேட்டுக்கொண்டேன்’ என்று சொல்ல வேண்டும்.

“அப்புறங்க சார்?” என்று கேட்டான் துளசிங்கம்.

“அப்புறம் அடுத்த ஆள்.”

துளசிங்கம் அங்கே ஜூனியர் அசிஸ்டெண்டு. இருபத்தெட்டு வயசு, பொதட்டூர்பேட்டைக்காரன், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன். அவன் வாழ்க்கையில் இரண்டே பயம். ஒன்று, மேலிடத்து மெமோ. இன்னொன்று, ஐந்து இருபது பஸ். அதை விட்டால் அடுத்த பஸ் எட்டு பத்துக்கு. அதுவும் டிரைவர் சாப்பிட்டு முடித்தால்தான். அதனால் நாலு ஐம்பதுக்கு மேல் அவனுடைய உடம்பு நாற்காலியில் இருக்குமே தவிர, உயிர் பஸ் ஸ்டாண்டில் இருக்கும். இப்படிப்பட்டவனைத்தான் மனத்துயர் நிவாரண மையத்துக்குப் பொறுப்பாளனாகப் போட்டார்கள்.

போடுவதற்கு முன் ஒரு சிக்கல் எழுந்தது. எழுப்பியவர் சூப்பிரண்டு மனோரமா அம்மாள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். விதிப்புத்தகம் ஒருநாள் தொலைந்து போனால் அந்த அம்மாளைப் பார்த்து மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

“சார், மையம் அஞ்சு மணிக்கு மேலன்னு போட்டிருக்குது. சரிங்க. அஞ்சு மணிக்கு மேல ஆள் ஒக்காரணும்னா ஓவர்டைம். ஓவர்டைமுக்கு ஆர்டர் இல்லீங்க.”

“அப்போ?”

“ஆள் இருக்கிற நேரத்துலதான் மையம் நடத்த முடியும். காலைல பத்துலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும்.”

“ஆனா துயரம் அஞ்சு மணிக்கு மேலதானே வருது?”

“அதுக்கின்னா சார்? பசங்க முன்கூட்டியே தெரிவிச்சுடணும். ராத்திரி வரப்போற துயரத்தைக் காலைல பதினோரு மணிக்குள்ள எழுதிக் குடுத்துட்டா, நாம ஆபீஸ் நேரத்துலயே ஆறுதல் சொல்லி அனுப்பிச்சுடலாம்.”

“திடீர்னு அவசரமா வந்துட்டா?”

“அவசரம்னா மூணு நாள் முன்னாடியே சொல்லணுங்க.”

பிரின்சிபால் தலையை இடப்பக்கம் இரண்டங்குலம் சாய்த்தார். “கேட்டுக்கொண்டேன்” என்றார். அன்றோடு அது விதியாயிற்று.

விளையாட்டுச் சாமான் அறையைக் காலி செய்து, உடைந்த கேரம் பலகையை மேஜையாக்கி, வாசலில் பச்சைப் பலகை மாட்டினார்கள். திறப்பு விழாவுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். அவர் வருவதற்குள் இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்ற மாணவர்களில் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். மையத்தின் முதல் பயனாளிகள் என்று அந்த மூவரின் பெயரும் பதிவேட்டில் ஏறியது.

பிறகு ஒரு மாதம் யாரும் வரவில்லை. துளசிங்கம் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டான்.

ஆடி மாதம் பிறந்தது. மலைக்குக் காவடிக் கூட்டம் வரத் தொடங்கியது. தெருவெல்லாம் மஞ்சள் துணி, சந்தனம் பூசிய மொட்டைத் தலை, ‘அரோகரா’. கிருத்திகைக்கு இன்னும் எட்டு நாள் என்கிற ஒரு சாயங்காலம், மணி நாலு ஐம்பத்தைந்துக்கு ஒரு பையன் மையத்து வாசலில் வந்து நின்றான். பெயர் இளங்கோவன். பி.ஏ. சரித்திரம் இரண்டாம் வருஷம், ஹாஸ்டல்வாசி. துளசிங்கத்துக்கு அவனைத் தெரியும், ஒரே ஊர். தறிக்காரர் பெருமாளுடைய மகன்.

“அண்ணே... சார்,” என்றான். “ஒண்ணு சொல்லணும்.”

துளசிங்கம் கடிகாரத்தைப் பார்த்தான். தலையைச் சாய்த்தான். “சொல்லு.”

“பரீட்சையில மூணு பேப்பர் போயிடுச்சி சார். வூட்டுக்குப் பாஸுன்னு எழுதிட்டேன். எங்க நைனா அதை நம்பிக்கினு முருகனுக்கு மொட்டை வேண்டிக்கினார். கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கினு தெருவே கெளம்பி வருது. ராத்திரியானா தூக்கமே இல்ல சார். அவுங்க வர்றதுக்குள்ள நான் இல்லாமலே போயிட்டா தேவலன்னு...”

துளசிங்கத்தின் பேனா ஒரு கணம் நின்றது. உண்மையாகவே நின்றது. ஆனால் அவன் முன்னால் இருந்த படிவத்தில் முப்பத்திரண்டு கட்டங்கள் இருந்தன. இந்தக் கடைசி வாக்கியத்துக்கு அவற்றில் இடம் இல்லை.

“ஏழாவது கட்டத்துல துயரத்தின் தன்மைன்னு இருக்குதுப்பா. கல்வியா, குடும்பமா? ஏதாவது ஒண்ணுதான் போடலாம்.”

“ரெண்டுந்தான் சார்.”

“ரெண்டுன்னா ரெண்டு படிவம். ஒவ்வொண்ணும் மூணு பிரதி.” மணி ஐந்து அடித்தது. “இதோட மூணு இணைப்பு வெக்கணும். ஹாஸ்டல் வார்டன்கிட்ட நன்னடத்தைச் சான்று. நீ உண்மையிலயே வருத்தத்துலதான் இருக்கறேன்னு கர்ணம்கிட்ட சான்றிதழ். மூணாவது, காப்பாளர் ஆட்சேபணையின்மை. அது நாங்களே ரிஜிஸ்டர் தபால்ல கேட்டுக்குவோம்.”

“எந்தக் காப்பாளர் சார்?”

“உங்க நைனாதான்.”

“சார்! அவருக்குத் தெரியக்கூடாதுன்னுதானே சார் இங்க வந்தேன்!”

துளசிங்கத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நியாயத்துக்கும் கட்டம் இல்லை. “நாளைக்குப் பத்து மணிக்கு வா, பேசலாம்,” என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டி, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். ஜன்னலோர இடம் கிடைத்தது. பாதி வழிவரைக்கும் அந்த ‘தேவலன்னு’ அவன் காதிலேயே இருந்தது. அப்புறம் தூங்கிவிட்டான்.

மறுநாள் பையன் கர்ணத்தைப் பார்க்கப் போனான். கர்ணம் சாமிநாதன் நிலத்துக்கும் வீட்டுக்கும் வருமானத்துக்கும் சான்று கொடுத்துப் பழகினவர். வருத்தத்துக்குக் கேட்டு வந்தது இவன்தான் முதல். திரும்பி வந்த பையன் நடந்ததைத் துளசிங்கத்திடம் சொன்னான்.

“துயரம் எந்த எல்லையில வருதுன்னு கேட்டாருங்க. ஹாஸ்டல்லன்னேன். அப்பன்னா திருத்தணி கிராமந்தான், என் அதிகாரத்துல வருதுன்னார். எத்தினி நாளா அனுபவத்துல இருக்குதுன்னார். ஒரு மாசம்னேன். வேற யாராவது பங்கு கேக்கறாங்களான்னார். இல்லீங்கன்னேன்.”

“சான்று குடுத்தாரா?”

குடுத்திருந்தார். ‘மேற்படி நபர் மேற்படி எல்லைக்குள் மேற்படி வருத்தத்தை இடையூறின்றி அனுபவித்து வருகிறார் என நேரில் விசாரித்து அறிந்தேன். இச்சான்று ஆடி மாதம் முடிய செல்லும்.’

இதற்குள் காப்பாளருக்குப் போக வேண்டிய கடிதம் டைப்பாகி மனோரமா அம்மாளின் மேஜைக்கு வந்துவிட்டது. துளசிங்கம் பயந்து பயந்து போய் நின்றான்.

“அம்மா, இந்தத் தபாலைக் கிருத்திகை கழிச்சு அனுப்பலாங்களா?”

“எந்த விதியில?”

“விதி இல்லீங்க. பையன் மொகமே சரியில்ல. அதான்...”

“மொகத்துக்கும் தபாலுக்கும் இன்னா சம்பந்தம்? துளசிங்கம், நீ நல்ல பையன். இப்பிடி எரக்கப்பட்டு எரக்கப்பட்டுத்தான் எங்க ஊட்டுக்காரருக்கு ரெண்டு இன்கிரிமெண்டு கட்டாச்சு. நாலு மணிக்குத் தபால் கட்டு கெளம்புது. ஒட்டி அனுப்பு.”

ஒட்டி அனுப்பினான். ஒட்டும்போது கோந்து கூடக் கசந்தது. ஆனாலும் ஒட்டினான்.

கிருத்திகைக்கு முந்தின நாள் பரணி. ஊரில் கால் வைக்க இடம் இல்லை. ஐந்து மணி ஆயிற்று. துளசிங்கம் மையத்தைப் பூட்டிவிட்டுத் திரும்பினால், வாசல்படியில் இளங்கோவன் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

“மூடியாச்சுப்பா.”

“தெரியும் சார். மூடினப்புறம் வந்தா யாரும் படிவம் கேக்க மாட்டாங்கன்னுதான் வந்தேன்.” கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி நீட்டினான். “இது நைனா வாங்கிக் குடுத்தது. நாளைக்கு வருவார். அவருகிட்ட சேத்துடுங்க. நம்ம ஊருதானே நீங்க.”

“நாளைக்கு நீயே குடேன்.”

பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துளசிங்கம் கடிகாரத்தைக் கையில் வாங்கினான். அது சூடாக இருந்தது. முள் ஐந்து எட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டை உள்ளங்கையில் பிடித்தபடி நின்றபோதுதான் அந்த ‘தேவலன்னு’ திரும்பி வந்து அவன் காதில் விழுந்தது. இந்தத் தடவை வாக்கியம் முழுசாகவே விழுந்தது.

அவன் படியில் உட்கார்ந்தான். தூரத்தில் ஐந்து இருபது பஸ் ஆரன் அடித்தது. இன்னொரு தடவை அடித்தது. போய்விட்டது.

“தம்பி,” என்றான். “நேராவே கேக்கறேன். உசிர விட்டுடலாம்னு இருக்கியா?”

பையன் திரும்பிப் பார்த்தான். இத்தனை நாளில் அவனை யாரும் கேள்வி கேட்காமல் இல்லை. முப்பத்திரண்டு கேள்வி கேட்டிருந்தார்கள். இதை மட்டும் கேட்கவில்லை. “ஆங்,” என்றான். சொன்னதும் அழுகை உடைந்துகொண்டு வந்தது.

“சரி. அஞ்சு மணிக்கு மேல நான் ஜூனியர் அசிஸ்டெண்டு இல்ல. சும்மா துளசிங்கம். நீ முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும் எங்கியும் போமாட்டேன். போறதுக்கு பஸ்ஸும் இல்ல.”

பையன் அழுதுகொண்டே சிரித்துவிட்டான். பிறகு சொன்னான். எங்கே ஆரம்பித்தது, எப்போது பொய் எழுதினான், ஒவ்வொரு ராத்திரியும் எப்படிப் போயிற்று, எல்லாவற்றையும். வாட்ச்மேன் பச்சையப்பன் வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய் இரண்டு டீயும் ஒரு பொட்டலம் மசால் வடையும் வாங்கி வந்து வைத்துவிட்டு நகர்ந்தார். அந்தச் சேவைக்கு அவர் எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்து வாங்கவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. துளசிங்கத்தின் தலை ஒரு அங்குலம் கூடச் சாயவில்லை. சாய்க்க வேண்டும் என்பதையே அவன் மறந்துவிட்டான்.

“இன்னிக்கு ராத்திரி நீ தனியா இருக்க வாணாம். பச்சையப்பன் கூடப் படுத்துக்க. நானும் இருக்கறேன். காலைல உங்க நைனா வந்ததும் மூணு பேருமாப் போயிச் சொல்லலாம்.”

காலை வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் ‘அரோகரா’ என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால் பெருமாள்! சரவணப் பொய்கையில் மொட்டை போட்டு, முழுக்கு முடித்து, தலையெல்லாம் சந்தனமாக, தோளில் பூக்காவடியோடு நின்றுகொண்டிருந்தார். காவடியின் நடுக்கொம்பில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, நூலால் கட்டப்பட்டிருந்தது ஒரு பழுப்பு நிறக் கவர். துளசிங்கம் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டான். அவன் கையால் ஒட்டின கவர்.

“துளசிங்கம்! நீ இங்கியா இருக்க? நல்லதாப் போச்சு. டேய் இளங்கோ, கிட்ட வாடா! கவர்மெண்டுலேர்ந்து சீலு போட்டு வந்துடுச்சி பாரு!”

“இன்னாது நைனா?”

“உத்தியோகம்டா! உன்னப் பத்தி ஆட்சேபணை இருக்குதான்னு என்னைக் கேட்டிருக்கறாங்க. நம்ம பக்கத்து ஊட்டுப் பையன் ரயில்வேல சேந்தப்ப இப்பிடித்தான் கேட்டு வந்துது. வேற எதுக்குடா கவர்மெண்டு ஒரு ஏழைகிட்ட வந்து ஆட்சேபணை கேக்கும்? தெருவுல ஒருத்தருக்கும் படிச்சா வெளங்கல. வெளங்கலன்னதுமே தெரிஞ்சுபோச்சு, இது பெரிய உத்தியோகந்தான்னு! ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டு, கிருத்திகை வரைக்கும் ஏன் காத்துக்கினு இருக்கணும்னு இன்னிக்கே கெளம்பிட்டேன்.”

இளங்கோவன் துளசிங்கத்தைப் பார்த்தான். துளசிங்கம் அந்தக் கடிகாரத்தை எடுத்துப் பையனுடைய மணிக்கட்டில் தன் கையாலேயே கட்டிவிட்டான். “சொல்லு,” என்றான். “இப்பத்தானே எனக்குச் சொன்னே. அதே மாதிரி சொல்லு.”

பையன் சொன்னான். மூன்று பேப்பரையும் சொன்னான், பொய்க் கடிதத்தையும் சொன்னான். கடிகாரத்தை ஏன் கழற்றினான் என்பதையும் சொன்னான்.

பெருமாள் காவடியை மெள்ள இறக்கிச் சுவரில் சாத்தினார். தரையில் உட்கார்ந்தார். நெடுநேரம் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். சந்தனம் காய்ந்து பொடிப் பொடியாக உதிர்ந்தது.

“அப்போ இந்தக் கடுதாசி?” என்றார் கடைசியில்.

துளசிங்கம் கவரைப் பார்த்தான். “அது... இளங்கோ வருத்தப்படறதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்குதான்னு கேட்டிருக்குதுங்க.”

“எம் புள்ள வருத்தப்படறதுக்கு நானு ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போட்டேனா?”

“ஆங்.”

பெருமாள் எழுந்தார். கவரை நூலோடு பிய்த்துத் துளசிங்கத்தின் கையில் திணித்தார். “எனக்கு ஆட்சேபணை இருக்குது, துளசிங்கம்! எழுதிக்கோ. நல்லா எழுதிக்கோ. மூணு பேப்பர் போச்சின்னா இவன் சோறு தின்னாம கெடக்கறதா? எனக்கு ஆட்சேபணை இருக்குது!” என்று சொல்லிப் பையனை இழுத்து அணைத்துக்கொண்டார். சந்தனம் அவன் சட்டையெல்லாம் ஒட்டியது.

“நைனா, முடிய அநியாயமா எறக்கிட்டியே...”

“முடிதானேடா. மொளைச்சிக்கும். குடுத்ததைச் சாமிகிட்டத் திருப்பியா கேக்க முடியும்? அடுத்த வருசம் பாஸு பண்ணு, அதுக்கு இது. முன்னாடியே போட்டாச்சுன்னு சொல்லிக்கலாம். வா, காவடியத் தூக்கு. முந்நூத்தி அறுபத்தஞ்சு படியிலயும் எனக்கு மூச்சு வாங்கும்; பாதிக்கு மேல நீதான் தூக்கணும்.”

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறதே.

இளங்கோவன் நல்ல பையன். கிருத்திகை முடிந்து வந்த கையோடு பிரின்சிபாலுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதினான். ‘எங்கள் துளசிங்கம் அண்ணன் அவர்கள் பரணியன்று மாலை 5.10 முதல் 6.40 வரை என்னுடன் இருந்து பேசியதால் இன்று நான் இருக்கிறேன்’ என்று, சரித்திர மாணவன் ஆயிற்றே, நேரத்தோடு எழுதினான். அந்தக் கடிதத்தையும், பெருமாள் சொன்னபடி துளசிங்கம் கவரில் எழுதி வைத்த ஆட்சேபணையையும் அடிப்படையாக வைத்துத் துளசிங்கத்துக்கு மெமோ வந்தது.

‘தாங்கள் அலுவலக நேரத்திற்குப் பின், உரிய ஆணையின்றி, படிவம் பெறாமல், ஒரு மாணவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆறுதல் வழங்கியதாகத் தெரிய வருகிறது. விளக்கம் தரவும். மேலும், காப்பாளர் ஆட்சேபணை தெரிவித்துவிட்டபடியால் மேற்படி மாணவரின் துயரம் நிராகரிக்கப்படுகிறது.’

துளசிங்கம் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மூன்றாம் நாள் பதில் எழுதினான்: ‘நடந்ததற்கு மிகவும் வருந்துகிறேன்.’ மறுநாளே கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மசியில் பிரின்சிபாலின் குறிப்பு: ‘வருத்தத்திற்கான கர்ணம் சான்று இணைக்கப்படவில்லை.’

அரை நாள் லீவு போட்டுவிட்டு அவன் கர்ணம் வீட்டுக்குப் போனான். வாசலில் நீண்ட வரிசை. மையத்தின் வெற்றியைப் பார்த்துப் பல்கலைக்கழகம் அதை ஊழியர்களுக்கும் விரிவாக்கியிருந்தது. முன்னால் மனோரமா அம்மாள் நின்றார். கையில் படிவம், கண் சிவந்திருந்தது. அவருக்கும் நாலு பேர் முன்னால் பிரின்சிபால் ராஜகோபால்; கன்னியாகுமரிக்கு மாற்றல் வந்திருந்தது. வரிசையில் நின்ற எல்லாருடைய தலையும் இடப்பக்கம் இரண்டங்குலம் சாய்ந்திருந்தது. பக்கத்தில் நிற்பவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்காகக் கேட்க வேண்டும்? அதற்குத்தான் ஏழாவது கட்டம் இருக்கிறதே.

துளசிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. “இன்னாங்கம்மா ஆச்சு?” என்றான் மெதுவாக.

மனோரமா அம்மாள் திரும்பினார். இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. வாய் கோணியது. ஆனாலும் விதி விதிதான். “மணி இன்னா இப்ப?”

“நாலே முக்காலுங்க.”

“ஆபீஸ் நேரம்பா. சான்று இல்லாம இப்ப சொல்லக் கூடாது. அஞ்சு அடிக்கட்டும். நீ இருப்பே இல்ல? ஒண்ணு விடாம சொல்றேன்.”

“இருக்கறேங்கம்மா,” என்றான் துளசிங்கம்.

மணி ஐந்து அடித்தது. கர்ணம் எழுந்து கதவைச் சாத்தினார். மனோரமா அம்மாள் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மூக்கைச் சிந்தி, கண்ணைத் துடைத்து, “அது வந்து துளசிங்கம், எங்க ஊட்டுல...” என்று ஆரம்பித்துத் திரும்பிப் பார்த்தார்.

துளசிங்கம் தெருமுனை தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். ஐந்து இருபதில் அன்றைக்கும் அவனுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது.